தீவில் கிடைத்த நாத்தனார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், கேட்ட இடத்தில் கையெழுத்தும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் மகள் பிரான்சிலிருந்து போன் செய்து, "சித்தி, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். நான் எழுதினா அழுதுடுவேன்" என்றாள். அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கும் அழுகை வரும்தான். ஆனால் அவரை நினைத்துப் பேனாவை எடுத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் ஓர்ப்படி என்போம். திண்டிவனத்தில் ஒரே காம்பவுண்டில் முன்வீட்டில் அவர், பின்வீட்டில் நாங்கள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவார். தெருமுனையில் நின்று கூப்பிட்டாலும் அதேதான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

அக்காவிடம் ஒரு குணம் இருந்தது. யாரையும் அவரால் யாரோ எவரோ என்று விட்டுவைக்க முடியாது. ஒருவரை இரண்டாவது தடவை பார்த்தால் போதும், ஒரு முறை வைத்துவிடுவார். அண்ணன் மகன், சம்பந்தி, சின்னம்மா என்று ஏதாவது ஒன்று. பொம்மையார்பாளையத்தில் மீன் விற்ற ஒரு அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரே வருஷத்தில் பிள்ளை பிறந்திருந்தது. அந்த ஒரு காரணம் போதும், அந்த அம்மா சம்பந்தி ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா அவரிடம் மீன் விலை பேசியதே இல்லை. "சம்பந்திகிட்ட போய் பேரம் பேசினா நம்ம வூட்டு மானம் இன்னாத்துக்கு ஆவும்?" என்பார்.

விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். சின்ன வயசு, எப்போதும் சிடுசிடுவென்று இருப்பார். ஒருநாள் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊருப்பா நீ?"

"மேல்மலையனூர் பக்கம். டிக்கெட் எடும்மா."

"அட, எங்க அம்மா பொறந்த பக்கமாச்சே! அப்போ நீ எனக்கு அண்ணன் மவன்."

"எம்மா, பின்னாடி நாப்பது பேரு நிக்கறாங்க. பேஜாரு பண்ணாத. டிக்கெட்ட எடு."

"பாருடி சின்னவளே, அத்தைகிட்டயே எப்படி எரிஞ்சி விழறான். வவுத்துல ஏதோ கோளாறு இவனுக்கு."

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் வயிற்றில் கோளாறு என்பது உண்மைதானாம். அடுத்த முறை அக்கா தூக்குவாளியில் கேப்பைக் கூழும் மோரும் கொண்டுபோனார். அந்த ஆள் முதலில் முறைத்தார். பிறகு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும், படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, "அத்தை, கொஞ்சம் உப்பு கம்மி" என்றார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வாயால் முறை வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை அக்கா. அந்தக் கண்டக்டர் குழந்தைக்குக் காது குத்தியபோது தட்டு வரிசையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன், வேறு வழி?

இவ்வளவு பேரை உறவாக்கியும் அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. எங்களுக்கு நாத்தனார் கிடையாது. அண்ணன் தம்பி இரண்டு பேர்தான், கூடப் பிறந்த பெண் இல்லை. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டும். அக்கா கல்யாணத்தில் யாரோ ஒன்றுவிட்ட பெண்ணைக் கூப்பிட்டுப் போடவைத்தார்கள். என் கல்யாணத்திலும் அப்படித்தான். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அக்கா விடமாட்டார். "ரெண்டு மருமவ வந்த வூட்டுல அதிகாரம் பண்ண ஒருத்தி இல்லாம இன்னாடி வூடு இது?" என்பார்.

என் வீட்டுக்காரர் சொல்லுவார், "ஊர்ல அவனவன் நாத்தனார் தொல்லை தாங்காம கோயில் கோயிலா சுத்தறான். எங்க அண்ணிக்கு அந்தத் தொல்லை இல்லையேன்னு தொல்லை."

இனித் தீவு விஷயம். அக்காவின் ஒரே மகளைப் பாண்டிச்சேரியில், பிரான்ஸ் நாட்டுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் காலமான பிறகு மகள் அம்மாவை ஒரு கார்த்திகைக் கடைசியில் அங்கே அழைத்துப்போனாள். குளிர் தாங்காமல் அக்கா பத்து நாள் இருமினார். மாப்பிள்ளை நல்ல மனுஷர். கிறிஸ்துமஸ் லீவுக்கு வெயில் உள்ள இடத்துக்குப் போகலாம் என்று எல்லோரையும் கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவுக்கு அழைத்துப்போனார். குவாதலூப் என்று மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் தீவு என்றுதான் சொல்லுவோம்.

அங்கே கடலோரம் ஒரு அம்மா நாலைந்து சின்ன வீடுகளைக் கட்டி, லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அக்கா மூன்று நாள் கடலைப் பார்த்தாராம். நாலாவது நாள் காலையில், "போதும்டி, அது பாட்டுக்கு வந்துக்கினு போய்க்கினுதான் இருக்குது" என்று எழுந்து அந்த அம்மாவின் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மா ஒரு கூடை பச்சைத் துவரங்காயை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீவில் கிறிஸ்துமஸ் சமையலுக்குப் பச்சைத் துவரை வேண்டுமாம். அக்கா கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"சின்னவளே! நாத்தனார் கெடச்சிட்டாடி!"

"யாருக்கா?"

"இங்க வூட்டுக்காரம்மா. நம்ம நெறம்தான், முடி மட்டும் சுருட்டை. அவளுக்கும் புருசன் இல்ல, கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. அவளுக்கும் பெத்தது ஒரே பொண்ணு. நம்ம வூட்டுல பொண்ணு இல்ல, அவ வூட்டுல அண்ணன் தம்பி இல்ல. கணக்கு சரியாப்போச்சு."

மகள்தான் மொழிபெயர்த்தாளாம். 'என் புருஷனுக்குக் கூடப் பிறந்தவள் நீ' என்று அக்கா சொல்லச் சொன்னதும், அந்த அம்மா, 'உங்கள் புருஷன் இறந்துவிட்டார் என்றார்களே' என்று கேட்டாராம்.

"ஆமா. அவரு இல்ல. அவரு கூடப்பொறந்தவ இருக்கலாம் இல்ல?" என்றாராம் அக்கா.

அந்த அம்மா சிரித்துவிட்டு, உரித்த துவரையில் ஒரு பிடி அள்ளி அக்கா கையில் வைத்தாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் மார்கழி பிறந்தால் அக்காவைத் திண்டிவனத்தில் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை ஒவ்வொரு வருஷமும் வேறு தீவு சொல்லிப் பார்ப்பார். "அத்தை, அங்க கடல் இன்னும் நீலமா இருக்கும்." அக்கா சொல்லுவார், "நான் நீலம் பாக்கவா மாப்ள போறேன்?"

அந்தத் தீவில் மாரியம்மன் கோயில்கூட இருக்கிறது. அந்தக் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் போன நம் ஜனங்கள் கட்டியது. இப்போது அவர்களுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தமிழில் பாடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். அம்மா அங்கேதான் ஒட்டிக்கொள்வாள் என்று மகள் நினைத்தாள். அக்கா கும்பிட்டார், விபூதி வாங்கிக்கொண்டார், சமையல்கட்டுக்குத் திரும்பிவிட்டார். கேட்டதற்கு, "அவங்க ஏற்கெனவே நம்ம ஜனம், ஆத்தா பாத்துப்பா. இவதான் ஒண்டியா கெடக்கறா" என்றார்.

இரண்டாவது வருஷம் போனபோது அக்கா ஒன்றைக் கவனித்துவிட்டு வந்தார். அந்தத் தீவில் பெண்கள் பண்டிகைக்குக் கட்டுகிற பாவாடையும் தலைத்துணியும் கட்டம் போட்ட துணி. நம் ஊரில் ஆம்பிளைகள் வீட்டில் கட்டுகிற கைலி மாதிரியே இருக்குமாம். திரும்பி வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு திண்டிவனம் கடைவீதிக்குப் போனார்.

"நல்லா செவப்பும் மஞ்சளும் கலந்தாப்பல கைலி எடுப்பா."

கடைக்காரர் எடுத்துப் போட்டார். "தம்பிக்காம்மா? சைஸ் பெருசா?"

"இல்லப்பா, எங்க நாத்தனாருக்கு. பண்டிகைக்குக் கட்டிக்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், "அடுத்த வருஷம் நீயும் வாடி" என்பார். என்னையும் என் வீட்டுக்காரரையும் விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் பாஸ்போர்ட்டுக்குக்கூட எழுதிப்போட வைத்துவிட்டார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரை உட்காரவைத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்துக் கொடுத்தார். அவர் ஊர் பனமலை என்று தெரிந்ததும் அவரும் ஏதோ ஒரு முறை ஆனார், என்ன முறை என்று மறந்துவிட்டேன். பாஸ்போர்ட் வந்தது. நான்தான் ஒவ்வொரு வருஷமும் முழங்கால் வலி, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று நழுவிக்கொண்டே இருந்தேன். புது மனுஷர் முன்னால் எனக்கு வாய் வராது. கைலிக்கடையிலேயே வராதபோது கடல் தாண்டி எப்படி வரும்?

என் வீட்டுக்காரர் மட்டும் இந்த நாத்தனார் விஷயத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. அண்ணியிடம் அவருக்கு மரியாதை உண்டு, கிண்டலும் உண்டு. அக்கா தீவில் எடுத்த போட்டோவைக் காட்டும்போதெல்லாம் சொல்லுவார், "அண்ணி, கோச்சிக்காதீங்க. வாடகைக்கு வூடு வுடறவங்க வர்றவங்களப் பாத்து சிரிக்கத்தான் செய்வாங்க. அது வியாபாரம். நீங்க அத நாத்தனார்னு நெனச்சிக்கினு கைலி வாங்கிக்கினு போறீங்க."

"போட்டோவ குடுங்க தம்பி. உங்களுக்கு கண்ணு பொறை வுழுந்துடுச்சி" என்று அக்கா பிடுங்கிக்கொள்வார்.

நாலைந்து வருஷம் இப்படிப் போனது. ஒரு ஆடி மாசம் மகள் போனில் சொன்னாள், அந்த அம்மாவின் பெண்ணுக்கு டிசம்பரில் கல்யாணமாம், கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை. அக்கா உடனே கேட்டார், "தாய்மாமன் சீர் யாரு எடுக்கறாங்க?"

"அம்மா, அவங்க கிறிஸ்டியன். சர்ச்ல கல்யாணம். அவங்களுக்கு அண்ணன் தம்பியே கெடையாதுன்னு உனக்கே தெரியும்."

"எப்படிக் கெடையாது? இதோ குந்திக்கினு சாப்படறாரே!"

என் வீட்டுக்காரருக்குச் சோறு புரையேறிவிட்டது.

ஆனால் அக்கா சொன்ன கணக்கு எங்கள் வழக்கப்படி சரிதான். அந்த அம்மா எங்களுக்கு நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு உடன்பிறப்பு. உடன்பிறந்தவள் மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் தட்டு வரிசையோடு போய் முன்னால் நிற்க வேண்டும், மணமேடைக்குப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். போகாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணை நாலு பேர் கேட்பார்கள். தீவில் யார் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நான் கேப்பேன்" என்றார் அக்கா.

மகள் இந்த வழக்கத்தை அந்த அம்மாவிடம் போனில் விளக்கினாளாம். அந்த அம்மா முழுசாகக் கேட்டாராம். பிறகு சரி என்றாராம். விளையாட்டுக்குச் சரி என்றாரா, நிஜமாகச் சரி என்றாரா, யாருக்கும் தெரியவில்லை.

அக்காவும் என் வீட்டுக்காரரும் போவதாக முடிவானது. டிக்கெட் எல்லாம் மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். ஐப்பசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போன அக்கா, கூட்டத்தில் படி தவறி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மூன்று மாசம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "சின்னவளே, கதவ சாத்து."

சாத்தினேன்.

"தட்டு தூக்க வூட்டுப் பொம்பள ஒருத்தி வோணும். நீதான் போவணும்."

"ஐயோ, என்னால ஆவாதுக்கா."

"ஆவும். இன்னொண்ணும் இருக்குது." அக்கா குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத் தாழ்த்தினார். "தம்பி சொல்றாரே, வியாபாரம்னு. அது நெசமா இருக்குமோ?"

நான் அவர் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தேன்.

"எனக்கு அவ பாஷை தெரியாது. எம்பொண்ணு சொல்றதுதான். எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு அவ மாத்திக்கூட சொல்லலாம். நீ பேசாதவ. பேசாதவளுக்குக் கண்ணு ஜாஸ்தி. போய்ப் பாத்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லு. வாடகை குடுக்கற கெழவின்னுதான் அவ நெனக்கறான்னா அதையும் சொல்லு."

"அப்படி இருந்தா இன்னாக்கா பண்ணுவீங்க?"

"அடுத்த வருஷம் மாப்ள சொல்ற நீலக் கடலுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எப்படி மறுப்பது? ஜல்தி ஜல்தியாக எனக்கும் விசா எடுத்தார்கள். அக்காவைப் பார்த்துக்கொள்ள கண்டக்டரின் மனைவி பிள்ளையோடு வந்து தங்கினாள். "நீங்க போய்ட்டு வாங்க சின்னத்தை, அத்தைய நான் பாத்துக்கறேன்" என்றாள். பெட்டியில் ஒரு பட்டுப்புடவை, வளையல், மஞ்சள் குங்குமம், கைலி ஆறு, எவர்சில்வர் தட்டுகள். தேங்காய் பழம் அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார் அக்கா.

விமானத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பாரிஸில் மகள் குடும்பம் சேர்ந்துகொண்டது. இன்னொரு விமானம் ஏறி எட்டு மணி நேரத்துக்கு மேல் போனோம். இறங்கினால் நம் ஊர் தை மாசத்து வெயில்.

வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். உயரமானவர், இடுப்பில் ஒரு கை. எங்களுக்கு முன்னால் வேறு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்களைப் பார்த்து எவ்வளவு அழகாகச் சிரித்தார் தெரியுமா! ஜூஸ் கொடுத்தார், குழந்தைகள் கன்னத்தைத் தட்டினார், சாவியைக் கையில் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

என்னை மேலும் கீழும் பார்த்தார். காருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நடந்தார். வாடகை வீடு இல்லை, தான் இருக்கிற வீடு. அங்கே ஒரு கட்டிலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். சாப்பாடு போட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போட்டார்.

"பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். "வாடகை வூடு பூரா ஆளு வந்துடுச்சி போல. ஓசியில வந்த கூட்டம்னு ஒரு மூலையில தள்ளிட்டாங்க. அண்ணிகிட்ட இன்னாடி சொல்லுவ?"

நான் தட்டில் பாதியை அப்படியே வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா மகளிடம் ஏதோ சொன்னார். அம்மாவை வீடியோவில் கூப்பிடச் சொல்கிறார் என்றாள் மகள். திண்டிவனத்தில் அப்போது விளக்கு வைக்கிற நேரம். போனில் அக்கா கட்டுப் போட்ட காலோடு தெரிந்தார். அவ்வளவுதான், அந்த அம்மா போனைப் பிடுங்கி ஆரம்பித்தார் பாருங்கள்! என்ன சத்தம்! கையை ஆட்டுகிறார், காலைக் காட்டுகிறார், நெற்றியில் அடித்துக்கொள்கிறார். மகளுக்கு மொழிபெயர்க்க நேரமே கொடுக்கவில்லை. அக்கா சும்மா இருப்பவரா? அங்கிருந்து அவரும் ஆரம்பித்தார்.

"இன்னாடி கத்தற? நான் வோணும்னா ஒடச்சிக்கினேன்? கோயிலுக்குப் போனது தப்பா?"

அந்தப் பக்கம் ஒரு பாட்டம் பொழிந்தது.

"ஆமா, சொன்னேன்தான். வர்றேன்னுதான் சொன்னேன். காலப் பாருடி! கண்ணு தெரியல?"

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, எதைன்னு சொல்றது? கல்யாணத்துக்கு வரேன்னு போன்ல அத்தன வாட்டி சொன்னியே, தெரு முழுக்க உன்னப் பத்தி சொல்லி வெச்சிட்டேனே, இப்போ யாரைக் காட்டுவேன்னு கேக்கறாங்க."

சத்தம் கேட்டு அந்த வாடகைக் குடும்பத்து அம்மா ஜன்னல் பக்கம் வந்து என்னவோ கேட்டார். எங்கள் வீட்டுக்கார அம்மா உடனே திரும்பி, பல் தெரிய இனிமையாகச் சிரித்து, ரொட்டி எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அந்தச் சிரிப்போடு எங்கள் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பினார். சிரிப்பு இல்லை. ஒரு பெரிய கூடைத் துவரங்காயை என் மடியில் தள்ளி, உரி என்று கையைக் காட்டினார். அக்காவுக்காக உரிக்காமல் வைத்திருந்தாராம். நான் உரித்தேன். மெதுவாக உரிக்கிறேன் என்று அதற்கும் ஒரு திட்டு.

என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"அவங்களுக்கு இன்னா வயசுன்னு கேளும்மா."

"ஏன் சித்தப்பா?"

"எனக்கு அக்காவா, தங்கச்சியான்னு தெரியணும் இல்ல? எப்படிக் கூப்புடறது?"

கேட்டுச் சொன்னாள். என் வீட்டுக்காரரைவிட இரண்டு வயசு மூத்தவர். என் வீட்டுக்காரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், "அக்கா, குடிக்க தண்ணி குடு" என்றார். தமிழில்தான். அந்த அம்மா சொம்பு மாதிரி ஒன்றில் தண்ணீர் கொடுத்தார். முகத்தை அப்போதும் தூக்கித்தான் வைத்திருந்தார்.

சனிக்கிழமை கல்யாணம். வீட்டிலிருந்து சர்ச் வரைக்கும் நடந்தே போனோம். முன்னால் நான், தலைக்குமேல் வெயில், கையில் பட்டுப்புடவைத் தட்டு. பின்னால் மகள், மாப்பிள்ளை, அக்கம்பக்கத்துப் பெண்கள், ஆளுக்கொரு தட்டு. அந்தப் பெண்கள் எல்லோரும் நான் கொண்டுபோன கைலியைத் தலையில் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள், கை தட்டினார்கள். யாரோ மேளம் எடுத்துவந்துவிட்டார். நான் வெட்கத்தில் குனிந்துகொண்டே நடந்தேன். நாத்தனார் என் முதுகில் ஒரு இடி இடித்தார், நிமிர்ந்து நட என்று. நிமிர்ந்தேன். ஐம்பது வருஷத்தில் அப்படி நான் தெருவில் நடந்ததில்லை. நடுவில் என்னை அறியாமல் சிரித்துக்கொண்டுகூட இருந்தேனாம், வீடியோவில் இருக்கிறது.

பெண்ணுக்கு அப்பா இல்லை. சர்ச்சில் பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போக யார் என்று ஒரு வருஷமாக அவர்களுக்கும் கவலையாம். நம் வழக்கத்தில் மாமன் அழைத்துவர வேண்டும், அவர்கள் வழக்கத்தில் அப்பா. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது. வேஷ்டி சட்டையோடு என் வீட்டுக்காரர் போனார். வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். பெண் குனிந்து அவர் வெறுங்காலைப் பார்த்தது. பிறகு தன் உயரச் செருப்பையும் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டது. இரண்டு பேரும் வெறுங்காலோடு உள்ளே நடந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் என் கையைக்கூடத் தொடாத மனுஷர், அந்தப் பெண்ணின் கையை அவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போனார். கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது, விடவில்லை.

மறுநாள் காலை நான் தனியாக அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உண்மைய சொல்லுடி. பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"உங்கிட்ட சிரிச்சாளா?"

"இல்லக்கா. வந்த நாள்லேர்ந்து ஒரு வாட்டிகூட என்னப் பாத்து சிரிக்கல. நான் துவரை உரிக்கறது மெதுவாம். கொண்டை போட்டது சரியில்லையாம், பிரிச்சிட்டு அவங்களே போட்டு வுட்டாங்க. சாப்பாட்ட மிச்சம் வெச்சேன்னு தட்டத் தள்ளி, தின்னுட்டுதான் எழுந்துக்கணும்னு எதிர்ல குந்திக்கினாங்க."

"மத்தவங்களப் பாத்து? அந்த வாடகைக்கு வந்தவங்களப் பாத்து?"

"வாய் காதுவரைக்கும் போவுதுக்கா."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் திண்டிவனமே கேட்கிற மாதிரி கத்தினார், "எம்மா கண்டக்டர் பொண்டாட்டி! இங்க வா! எங்க நாத்தனார் பண்ற அக்கிரமத்தக் கேளு!"

அதற்குப் பிறகு இரண்டு மார்கழி அக்கா தீவுக்குப் போய்வந்தார். இரண்டு தடவையும் சண்டை போட்டுவிட்டுத்தான் திரும்பினார். அப்படி ஒரு சந்தோஷமாகத் திரும்புவார்.

எழுதி முடித்துப் படித்தால் நிறைய இடத்தில் சந்தேகமாக இருக்கிறது. தட்டு ஒன்பது என்று எனக்கு ஞாபகம், என் வீட்டுக்காரர் பதினொன்று என்கிறார். வழியில் மேளம் அடித்தவர் பெண்ணுக்கு என்ன உறவு என்று தெரியவில்லை. மூத்தவர் என்று எழுதியது இரண்டு வயசா, மூன்று வயசா? அக்கா மகள் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் யாராவது தீவுக்குப் போன் செய்து நாத்தனாரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எடுத்தவுடனே, இத்தனை நாளாக ஏன் பேசவில்லை என்று கால் மணி நேரம் திட்டுவார்கள். அதை முழுசாக வாங்கிக்கொண்டு, பிறகு கேளுங்கள்.